தென்பெண்ணைக் கரையில் நடைபாதை: கல் பதிக்கலாமா, மண்ணாகவே விடலாமா?

ஆல்பேட்டைவாசி

கடலூரில் ஆல்பேட்டைப் பாலத்தருகே இறங்கி, தென்பெண்ணைக் கரையோடு கடலை நோக்கிக் காலையில் நடப்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். மஞ்சக்குப்பம் மைதானத்தையே சுற்றிச் சுற்றி அலுத்துப்போனவர்கள், வெள்ளிக் கடற்கரையின் கூட்டத்தை விரும்பாதவர்கள், சர்க்கரைக்காக மருத்துவர் நடக்கச் சொன்னவர்கள், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் என்று பலரையும் பார்க்கிறேன். நல்ல விஷயம். ஆற்றைப் பார்க்கவே மறந்துபோயிருந்த ஊர் இது. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு மட்டும் திரண்டு வந்து கரும்பு கடித்துவிட்டுப் போய்விடுவோம். அடுத்த தை வரை ஆறு யாருக்கும் வேண்டாம்.

இப்போது எங்கள் தெருவில் ஒரு மனு தயாராகிறது. கரையின் மேல் பேவர் பிளாக் பதிக்க வேண்டும், வரிசையாக விளக்குக் கம்பம் நட வேண்டும், ஆற்றுப் பக்கம் இரும்புக் கைப்பிடி வைக்க வேண்டும், முகப்பில் ஒரு வளைவு கட்ட வேண்டும் என்பது கோரிக்கை. கையெழுத்துக் கேட்டு என்னிடமும் வந்தார்கள். நான் போடவில்லை.

என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கரை மண்ணாகவே இருக்க வேண்டும். குண்டும் குழியும் இருக்கும் இடத்தில் கிராவல் கொட்டிச் சமன் செய்தால் போதும். நிழல் வேண்டும், குப்பைத் தொட்டி வேண்டும், ஏறி இறங்க வழி வேண்டும். பூங்கா வேண்டுமென்றால் ஊருக்குள் இடம் பார்த்துக் கட்டிக்கொள்ளலாம். ஆற்றங்கரையைப் பூங்காவாக்கினால் நமக்குப் பூங்கா கிடைக்கும், ஆறு போய்விடும்.

இந்தப் பக்கத்து ஆற்றங்கரைகளை அறிந்தவர்கள், பெண்ணையானாலும் கெடிலமானாலும் சங்கராபரணியானாலும், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். மனு போவதற்குள் இதைப் பேசி முடித்துவிட வேண்டும்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை

தம்பி, நீங்கள் சொல்வது கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் யாருடைய காலை வைத்துப் பேசுகிறீர்கள் என்று ஒரு கணம் யோசியுங்கள். எனக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். என் கணவர் பக்கவாதத்துக்குப் பிறகு ஊன்றுகோல் பிடித்து நடக்கிறார். மழை பெய்த மறுநாள் அந்தக் கரை வழுக்குகிற வழுக்கலில் இளைஞர்களே கையை ஊன்றி எழுவதைப் பார்த்திருக்கிறேன். ஏறுவதற்கே ஒரு ஒற்றையடித் தடம்தான் இருக்கிறது, அதுவும் செங்குத்து.

"மண்ணாகவே இருக்கட்டும்" என்பதற்கு எங்களைப் போன்றவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று பொருள் வந்துவிடக் கூடாது. வயதானவர்களுக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் ஆற்றுக் காற்று வேண்டும். நான் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எடுக்கச் சொன்னால் காரணம் சொல்லுங்கள்.

நாணமேட்டு மாணவி

ஆசிரியை அம்மா பேசியதோடு நானும் ஒன்றைச் சேர்க்கிறேன். விளக்கு வேண்டாம் என்பது ஆண்களுக்கு எளிது. மாலை ஆறரைக்கு இருட்டிவிடுகிறது. கல்லூரி விட்டு வந்து, பையை வைத்துவிட்டுப் போனால் அந்த நேரம்தான் எங்களுக்குக் கிடைக்கிறது. பாலத்தின் அடியில் குடிக்கிறவர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கே மட்டுமாவது வெளிச்சம் வேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டபோது எங்கள் ஊர் நீரில் நின்றது. கரையை எங்கள் ஊரார் நடைபாதையாகப் பார்ப்பதில்லை. அது எங்கள் வீட்டுச் சுவர் மாதிரி. அதன்மேல் எதைச் செய்தாலும், கரைக்கு நல்லதா கெட்டதா என்று தெரிந்தவர்கள் முதலில் சொல்லட்டும். அழகைப் பிறகு பார்க்கலாம்.

ஆல்பேட்டைவாசி

இரண்டும் நியாயமான கேள்விகள். ஏறுவழியைப் பற்றியும் பாலத்தடி வெளிச்சத்தைப் பற்றியும் எனக்கு மறுப்பே இல்லை. கரையின் நீளம் முழுவதும் கல்லும் கம்பமும் என்பதைத்தான் எதிர்க்கிறேன். கரையின் உறுதியைப் பற்றி நம் குழுவில் இருக்கும் பொறியாளர் ஐயா வந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

பணி ஓய்வு பெற்ற பொறியாளர்

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக் கரைகளைக் காப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது.

வெள்ளக்கரை என்பது மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, நீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்கிய மேடு. அதற்கு ஆற்றுப் பக்கம் உட்சரிவு, மேல்தளம், ஊர்ப் பக்கம் வெளிச்சரிவு என்று மூன்று பகுதிகள். வெள்ளம் வரும்போது நீர் கரையின் மேலேறித்தான் உடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியும் உடையும். ஆனால் கரைக்குள்ளேயே சத்தமில்லாமல் நடப்பது கசிவு. எலி வளை, நண்டு வளை, மக்கிப்போன வேர் விட்டுப்போன துளை என்று ஏதாவது ஒரு வழியில் நீர் புகுந்து, மறுபக்கம் முதலில் தெளிவாகச் சொட்டும், பிறகு கலங்கலாக வரும். கலங்கலாக வருகிறதென்றால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். அந்த நேரத்தில் மணல் மூட்டை போட்டால் கரை பிழைக்கும். விட்டுவிட்டால் சில மணி நேரத்தில் வாய் பிளந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே கருவி மனிதக் கண். கரைமேல் நடந்து பார்த்தால் விரிசல் தெரியும், உள்வாங்கிய இடம் தெரியும், வளை தெரியும். அந்தத் தளத்தின் மீது பேவர் கல்லைப் பதித்துவிட்டால் இவை எல்லாம் மூடிப்போகும். கீழே மண் இறங்கியிருக்கும், மேலே கல் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு அப்படியே நிற்கும். பார்ப்பவருக்குக் கரை நன்றாக இருப்பதாகத் தோன்றும். பேவர் கல்லை நான் மறுப்பதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம், கரைமேல் நீர் வழிந்தால் கல்லுக்கு அடியில் விரித்த மணல் முதலில் போகும், பிறகு கற்கள் சீட்டுக்கட்டு போலக் கலைந்துவிடும்.

விளக்குக் கம்பத்துக்கும் கைப்பிடிக்கும் குழி தோண்ட வேண்டும். இறுக்கிய கரையில் சில அடிக்கு ஒரு குழி என்று தோண்டிக்கொண்டே போவதை எந்தக் கரைப் பொறியாளரும் மனமொப்பிச் செய்ய மாட்டார். அதோடு, வெள்ள நேரத்தில் மணல் மூட்டை ஏற்றிய டிராக்டரும் பொக்லைனும் அந்தத் தளத்தின் மீதுதான் ஓட வேண்டும். வளைவும் கைப்பிடியும் வைத்து வழியை அடைத்தால் அன்றைக்கு யார் வந்து அகற்றுவது?

நிழலைப் பற்றி ஆல்பேட்டைத் தம்பிக்கும் ஒரு சொல். கரையின் மேலோ சரிவிலோ மரம் நடக் கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது இந்த மாவட்டத்தில் மரங்கள் எப்படிச் சாய்ந்தன என்று நாம் எல்லோரும் பார்த்தோம். பெரிய மரம் வேரோடு சாயும்போது ஒரு வண்டி மண்ணைத் தூக்கிக்கொண்டு விழும். கரைமேல் அது நடந்தால் அங்கே உடைப்பு ஏற்பட்டதற்குச் சமம். நிழல் வேண்டுமானால் வெளிச்சரிவு முடியும் இடத்திலிருந்து சில மீட்டர் தள்ளி, தரையில் வரிசையாகப் புங்கன், பூவரசு, மருது நடுங்கள். பனை நட்டால் இன்னும் நல்லது. சரிவில் அருகம்புல்லும் வெட்டிவேரும் போதும். அவை மண்ணைப் பிடிக்கும், சாயாது.

கிராவல் கொட்டி உருளை ஓட்டுவதில் தவறில்லை. நடுவில் சற்று உயர்த்தி இருபுறமும் நீர் வழியும்படி வாட்டம் கொடுக்க வேண்டும். ஆசிரியை அம்மா சொன்ன வழுக்கல் பெரும்பாலும் தேங்கிய நீரால் வருவது. வாட்டம் சரியாக இருந்தால் மழை நின்ற கொஞ்ச நேரத்தில் நடக்கலாம்.

வில்லியனூர் பறவை நோக்கர்

பொறியாளர் ஐயாவுக்கு வணக்கம். கரையை ஒட்டி நான் சங்கராபரணியில் பார்ப்பதும் பெண்ணையில் பார்ப்பதும் ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன்.

ஆறு அரித்து, செங்குத்தாக நிற்கும் மண் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளக்கரையைச் சொல்லவில்லை, அதற்கு உள்ளே ஆற்றின் ஓரத்தில் ஆளுயரத்துக்கு வெட்டினாற்போல நிற்குமே, அதைச் சொல்கிறேன். நடப்பவர்களுக்கு அது பாழிடம். மாசி, பங்குனியில் ஒருநாள் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். வட்டமான துளைகள் தெரியும். பச்சைப் பஞ்சுருட்டான் அலகால் மண்ணைக் கொத்தித் தளர்த்தும், பிறகு காலால் பின்னோக்கி உதைத்துத் தள்ளும். துளை வாயிலிருந்து மண் தூவலாகப் பறந்து வெளியே விழும். உள்ளே கை நீளத்துக்கும் மேல் சுரங்கம், முடிவில் ஒரு சிறு அறை, அதில் வெள்ளை முட்டைகள். மீன்கொத்தியும் இப்படித்தான். அது இருக்கும் துளையின் வாயில் வெள்ளை எச்சம் வழிந்த கோடு இருக்கும், கீழே மீன் முள் கிடக்கும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று தலைகீழாகப் பாயும் காட்சியைப் பார்க்கத்தானே பிள்ளைகளை அழைத்து வருகிறோம்? அந்த மண் சுவரைக் கருங்கல்லால் மூடினால் அடுத்த ஆண்டு அந்தப் பறவை வேறு ஆறு தேடிப் போய்விடும். அல்லது போக இடமிருக்காது.

பொறியாளர் ஐயா வளையைக் கரைக்கு ஆபத்து என்றார். வெள்ளக்கரையில் அது சரி. ஆற்றோரத்து மண் சுவர் வெள்ளக்கரை இல்லை. அங்கே பறவை வளை இருப்பதால் யாருக்கும் கேடில்லை. இந்த இரண்டையும் ஒப்பந்ததாரர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதுதான் என் கவலை. "கரையைப் பலப்படுத்துதல்" என்று ஒரே தலைப்பில் எல்லாவற்றுக்கும் கல் பதித்துவிடுகிறார்கள்.

ஆள்காட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது கூடே கட்டாது. சரளைக் கற்களுக்கு நடுவே தரையிலேயே முட்டையிடும். முட்டையின் நிறமும் புள்ளியும் கல்லோடு கல்லாகத் தெரியும். கோடையில் கரைமேல் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் அது தெரியாமலே நசுங்கும். ஒரு ஆள்காட்டி உங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் நீங்கள் அதன் முட்டைக்கு அருகில் நிற்கிறீர்கள் என்று பொருள். பாதையை விட்டு விலகாமல் நேரே நடந்து போய்விடுங்கள்.

விளக்கு விஷயத்தில் மாணவி சொன்னதை மதிக்கிறேன். ஆனால் முகத்துவாரத்தை நெருங்க நெருங்க வெளிச்சம் கூடவே கூடாது. தை முதல் பங்குனி வரை இந்தக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. குஞ்சுகள் பொரிந்ததும் கடலின் வெளிச்சத்தை நோக்கி ஓடும். கரைப் பக்கம் விளக்கு எரிந்தால் அதைக் கடல் என்று நம்பி ஊர்ப்பக்கம் போய் நாய்க்கு இரையாகும்.

தாழங்குடா வலைக்காரர்

எல்லோரும் நடைபாதை என்கிறீர்கள். எங்களுக்கு அது தொழில் பாதை. விடியற்காலையில் வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அதில்தான் போகிறோம். மடவையும் இறாலும் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது ஏற்றவற்றத்தைப் பொறுத்தது. காலை ஐந்து மணிக்குத் திறந்து எட்டு மணிக்கு மூடும் கதவை எவரும் அங்கே வைத்துவிடக் கூடாது. வேறு இடங்களில் இப்படித்தான் நடந்திருக்கிறது. முதலில் வளைவு வரும், பிறகு கதவு, பிறகு காவலாளி, கடைசியில் "நீ யார், எங்கே போகிறாய்" என்ற கேள்வி. தாத்தா காலம் முதல் நடந்த வழியில் எங்களை நிறுத்திக் கேட்பார்கள்.

ஆற்றைப் பற்றியும் சொல்கிறேன். கோடையில் நீர்வரத்து குறைந்தால் கடல் மணலைக் கொண்டு வந்து முகத்துவாரத்தில் குவிக்கும். வாய் அடைபட்டால் உள்ளே நீர் தேங்கி நாற்றமெடுக்கும், மீன் ஏறாது. மழைக்காலத்தில் வெள்ளம் வந்து அதை உடைத்துக்கொண்டு போகும். அந்த மணல் திட்டு ஒவ்வொரு ஆண்டும் இடம் மாறும். நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்க முடியாது. காலை நடைக்கு வருகிறவர்கள் சிலர் படம் எடுக்கத் திட்டின் முனை வரை போகிறார்கள். நீர் இறங்கும் நேரத்தில் ஆறு கடலுக்குள் இழுக்கும் இழுப்பு மேலே பார்த்தால் தெரியாது. தயவுசெய்து போகாதீர்கள். எங்கள் ஆட்கள்தான் தேடி இறங்க வேண்டியிருக்கிறது.

கல் வேண்டுமா மண் வேண்டுமா என்று என்னைக் கேட்டால், மண். வலையைக் கல்லில் காயப்போட்டால் நூல் தேயும், வெயிலில் சூடேறும்.

பாகூர் விவசாயி

வலைக்கார அண்ணன் சொன்னதோடு மணல் பள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குள் மணல் அள்ளிய இடங்களில் நீர் நின்றால் முழங்கால் ஆழமா ஆளாழமா என்று மேலே இருந்து சொல்லவே முடியாது. ஓரம் சரிந்துகொண்டே இருக்கும், கால் ஊன்றினால் மேலும் சரியும். 2022 ஜூனில் நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் தடுப்பணைப் பக்கம் குளிக்கப் போன ஏழு பேர், எல்லோரும் சிறுமிகளும் இளம்பெண்களும், ஒருவரைக் காப்பாற்ற ஒருவர் இறங்கி மாண்டுபோனார்கள். நடைபாதைக்குச் செலவழிக்கும் பணத்தில் முதலில் இந்தப் பள்ளங்கள் இருக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்கட்டும். பலகையில் "குளிக்கத் தடை" என்று மட்டும் எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். "இங்கே ஆழம் இவ்வளவு" என்று எழுதினால் நின்று படிப்பார்கள்.

மாடு மேய்ப்பவர்களுக்கும் வழி விடுங்கள். அவ்வளவுதான்.

முருங்கப்பாக்கம் மிதிவண்டிக்காரர்

புதுச்சேரிப் பக்கத்து அனுபவத்தைச் சொல்கிறேன். நாங்கள் விடுமுறை நாளில் மிதிவண்டியில் முருங்கப்பாக்கத்திலிருந்து அரியாங்குப்பம் ஆற்றோரம் போய், அரிக்கமேட்டில் இறங்கி நடப்போம். சங்கராபரணி செஞ்சி மலைப்பக்கம் பிறந்து, வீடூர் அணையைத் தாண்டி, வில்லியனூர் வழியாக வந்து கடல்முகத்தில் பிரிகிறது. சுண்ணாம்பாற்றுப் படகுக் குழாமுக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அதே ஆற்றின் மறு கிளையில் இருக்கும் அரிக்கமேட்டுக்கு வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான். 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்த இடம் அது. ரோமானிய மதுச்சாடித் துண்டும் கண்ணாடி மணியும் கிடைத்த மண். அங்கே இன்றைக்கும் மாந்தோப்பு நிழலில் மண்மேல்தான் நடக்கிறோம். யாருக்கும் குறையில்லை. கல் பதித்து வழியை "மேம்படுத்தி" இருந்தால் கீழே இருக்கும் வரலாற்றையே கிளறிப் போட்டிருப்பார்கள்.

அலையாத்தி மரங்கள் இருக்கும் ஓரத்தில் நீர் இறங்கிய நேரம் போனால் பாருங்கள், சேற்றிலிருந்து பென்சில் நட்டாற்போல மூச்சு வேர்கள் நூற்றுக்கணக்கில் நிமிர்ந்து நிற்கும். இலையை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும், ஏனென்றால் மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. வேர்களுக்கு நடுவே சிறு நண்டுகள், ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக இருக்கும். அதை ஆட்டி ஆட்டி அழைக்கும். நம் நிழல் விழுந்ததும் ஒரே நொடியில் எல்லாம் வளைக்குள். அசையாமல் நின்றால் மறுபடி ஒவ்வொன்றாக வெளியே வரும். என் பெண் பிள்ளை இதற்காகவே வருகிறாள். கைப்பிடிக் கம்பி வைத்திருந்தால் அவள் குனிந்து பார்க்கவே முடியாது.

ஒரு கேள்வி. நடப்பவர்கள் மிதிவண்டியையும் தடுத்துவிடுவீர்களா?

ஆல்பேட்டைவாசி

மிதிவண்டிக்குத் தடை கேட்க மாட்டேன். மோட்டார் வண்டிக்குத் தடை வேண்டும், கரைப் பணிக்கு வரும் வண்டி தவிர. நுழைவில் இரண்டு கல் நட்டு, மிதிவண்டியும் சக்கர நாற்காலியும் போகும் இடைவெளி விட்டால் போதும் என்று நினைக்கிறேன். பொறியாளர் ஐயா, அதுவும் டிராக்டரைத் தடுக்குமா?

பணி ஓய்வு பெற்ற பொறியாளர்

நிரந்தரமாக நட்டால் தடுக்கும். பூட்டுப் போட்டுக் கழற்றும்படியான இரும்புக் கம்பம் வையுங்கள். சாவி நீர்வளத்துறைப் பிரிவு அலுவலகத்திலும் ஊராட்சியிலும் இருக்கட்டும்.

செம்மண்டலம் செவிலியர்

உடல்நலத்துக்காக நடக்கிறவர்கள் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். சித்திரை, வைகாசியில் காலை ஏழரைக்குள் கரையை விட்டு இறங்கிவிடுங்கள். இந்தக் கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி, வியர்வை ஆறாது. வெயில் உறைப்பதாகத் தெரியாமலே மயக்கம் வரும். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் நடக்காதீர்கள்.

பாம்பைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆற்றோரத்தில் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை சாரையும் தண்ணீர்ப் பாம்பும். ஆனால் கண்ணாடி விரியனும் உண்டு, புல்லுக்குள் சருகோடு சருகாகக் கிடக்கும். பாதையின் நடுவே நடந்தால், மங்கலான நேரத்தில் கையில் டார்ச் இருந்தால், மூடிய செருப்போ ஷூவோ போட்டால் பயப்பட ஒன்றுமில்லை. கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து, நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். பாம்பைத் தேடி அடிக்கப் போகும் நேரத்தில் உயிர் போகும்.

பாம்பைவிட நான் அஞ்சுவது நாய்க்கு. பாலத்தருகே கோழிக் கழிவை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். அதைத் தின்று பழகிய நாய்கள் கூட்டமாகி, கையில் பை வைத்திருப்பவர்களைத் துரத்துகின்றன. நாயை அடிப்பதால் இது தீராது, கழிவு நின்றால்தான் தீரும். கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்கு வாருங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு இரண்டு நாள் கழித்து வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

மஞ்சக்குப்பம் ஆசிரியை

எல்லோருடையதையும் படித்தேன். பொறியாளர் ஐயா சொன்ன காரணம் எனக்குப் புரிகிறது. கரையை மூடிவிட்டால் அதன் நோய் தெரியாது என்பதை என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொல்வேன். நாணமேட்டுப் பிள்ளைகள் வீட்டில் நீர் புகுவதற்கு என் முழங்கால் காரணமாக வேண்டாம்.

ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. கிராவல் பாதையில் நான் மெல்ல நடந்துவிடுவேன். மேலே ஏறுவது எப்படி? என் கணவரை எப்படி ஏற்றுவது? உட்கார எங்கே இடம்? வண்டிப்பாளையம் பக்கம், அப்பர் கரையேறியதாகச் சொல்லப்படும் கரையேறவிட்டகுப்பத்துக்கு எங்கள் பாட்டி எண்பது வயதில் போய் வந்தார். அந்தக் காலத்தில் ஆற்றுக்குப் போவதற்கு வயது தடையாக இருந்ததில்லை.

பணி ஓய்வு பெற்ற பொறியாளர்

அம்மா, அதற்கு வழி இருக்கிறது. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது விதி. கரை பத்து அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் நூற்றிருபது அடி நீளம் வேண்டும், நடுநடுவே நின்று இளைப்பாறச் சமதளமும் வேண்டும். இதைக் கரையை வெட்டிச் செய்யக் கூடாது. வெளிச்சரிவை ஒட்டி, வெளியிலிருந்து மண் கொண்டு வந்து சேர்த்து, சரிவோடு சாய்ந்தாற்போல நீளவாக்கில் ஏற்ற வேண்டும். அப்படிச் சேர்க்கும் மண் கரைக்கு முட்டுக்கொடுக்கும், அதனால் நன்மைதான். இந்தச் சாய்தளத்தின் மேல் சிமென்ட் போடலாம், கைப்பிடியும் வைக்கலாம். அது கரையின் உடம்பு அல்ல, கரைமேல் சாத்திய ஏணி. பாலத்தருகே ஒன்று இருந்தால் போதும்.

உட்காரும் பலகையையும் சாய்தளம் மேலே சேரும் இடத்தில், வெளிப்பக்கம் அகலப்படுத்தி வையுங்கள். அங்கிருந்தே ஆறு நன்றாகத் தெரியும்.

நாணமேட்டு மாணவி

வெளிச்சத்தைப் பற்றி நானும் யோசித்தேன். ஆமைக் குஞ்சு விஷயம் எனக்குத் தெரியாது. பாலத்தடியிலும் ஏறுவழியிலும் மட்டும், கீழ்நோக்கி விழும் விளக்கு இருந்தால் எனக்குப் போதும். அதற்கு மேல் கிழக்கே இருட்டாகவே இருக்கட்டும். அந்தப் பக்கம் மாலையில் போக வேண்டாம், காலையில் போவோம். ஆனால் பாலத்தடிக் குடிக்கூட்டத்துக்கு விளக்கு மட்டும் போதாது. மாலை நேரத்தில் காவல் துறை ரோந்து வர வேண்டும் என்று மனுவில் தனியாக எழுதுங்கள். இது இல்லாமல் பெண்கள் யாரும் கையெழுத்துப் போட மாட்டோம்.

எங்கள் ஊரில் மூன்று நான்கு அக்காமார் சேர்ந்து நடக்கலாம் என்கிறார்கள். மஞ்சக்குப்பம் பக்கத்திலிருந்தும் வந்தால் கூட்டமாகப் போகலாம். ஆசிரியை அம்மா, உங்கள் பள்ளியில் சொல்லிப் பாருங்களேன்.

வில்லியனூர் பறவை நோக்கர்

கீழ்நோக்கிய மஞ்சள் விளக்கு என்று எழுதச் சொல்லுங்கள். வெள்ளை வேண்டாம், அது நெடுந்தூரம் தெரியும், பூச்சியையும் கூட்டும்.

இன்னொரு வேண்டுகோள். புதர் வெட்டுவதைப் பற்றி மனுவில் ஏதாவது இருந்தால், எதை வெட்டுவது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். சீமைக் கருவேலத்தையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் எடுக்கட்டும், மகிழ்ச்சி. "புதர்களை அகற்றுதல்" என்று பொதுவாக எழுதினால் பொக்லைன் வந்து நாணலையும் தாழையையும் சேர்த்து வழித்துவிடும். நாணல் போனால் தூக்கணாங்குருவிக்கு நார் கிடையாது. கருவேலத்தில் கூடு தொங்கினால் அது காலியாகும் வரை விட்டுவையுங்கள்.

ஆல்பேட்டைவாசி

இவ்வளவு தெளிவாகப் பேசியதற்கு எல்லோருக்கும் நன்றி. பழைய மனு எழுதியவர்களிடம் நேற்று மாலை பேசினேன், நாம் இங்கே பேசியதைப் படிக்கவும் கொடுத்தேன். அவர்களும் கல்லை விட்டுவிடச் சம்மதித்தார்கள். வளைவு மட்டும் வேண்டும் என்று ஒருவர் நிற்கிறார், அவரிடம் டிராக்டர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன்.

புதிய வரைவு இது. "ஆல்பேட்டைப் பாலத்திலிருந்து கிழக்கே செல்லும் தென்பெண்ணை வெள்ளக்கரையின் மேல்தளத்தை மண் தளமாகவே வைத்துக் கிராவல் இட்டு, நீர் வழிய வாட்டம் கொடுத்துச் சமன் செய்ய வேண்டும். கல், கான்கிரீட், கைப்பிடி, வளைவு எதுவும் கரைமேல் அமைக்கக் கூடாது. பாலத்தருகே வெளிச்சரிவை ஒட்டி மண் சேர்த்து, முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் ஏறும்படி விதிப்படி ஒரு சாய்தளமும், அதன் மேல்முனையில் இருக்கைகளும் அமைக்க வேண்டும். அங்கும் பாலத்தடியிலும் மட்டும் கீழ்நோக்கிய மஞ்சள் விளக்கு வேண்டும். மாலையில் காவல் ரோந்து வேண்டும். நிழல் மரங்களைக் கரையிலிருந்து தள்ளித் தரையில் நட வேண்டும். ஆற்றோரத்து மண் சுவர்களுக்குக் கல் பதிக்கக் கூடாது. சீமைக் கருவேலமும் நெய்வேலிக் காட்டாமணக்கும் தவிர வேறு செடிகளை அகற்றக் கூடாது. மணல் பள்ளங்கள் உள்ள இடங்களில் ஆழத்தைக் குறித்து எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். பாலத்தருகே இறைச்சிக் கழிவு கொட்டுவதைத் தடுக்க வேண்டும்."

விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள்.

தாழங்குடா வலைக்காரர்

கதவு வைக்கக் கூடாது என்பது விட்டுப்போயிருக்கிறது. மீனவர்களுக்கும் மாடு மேய்ப்பவர்களுக்கும் எல்லா நேரத்திலும் வழி உண்டு என்று எழுதுங்கள். அது இருந்தால் எங்கள் ஊரிலும் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.

ஆல்பேட்டைவாசி

சேர்த்துவிட்டேன் அண்ணா, முதல் வரிக்கு அடுத்ததாகவே. கழற்றும் கம்பத்தையும் அதன் சாவியையும் பற்றிய வரியும் அங்கேயே வருகிறது. இரண்டு படிகள் எடுக்கிறேன், ஒன்று நீர்வளத்துறைக்கு, ஒன்று திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க. ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பாலத்தின் தென்முனையில் தாளோடு நிற்பேன். ஆசிரியை அம்மா மேலே ஏறி வர வேண்டாம், கீழேயே வந்து வாங்கிக்கொள்கிறேன்.